கறுப்புப் பின்னணியில் ஏழு பேர்

"என் பிள்ளைக ஏழு பேரும் செத்துப் போச்சாம்ட்டி!"

மாடிப்படி ஏறி வந்த வேகத்திலேயே தங்கபுஷ்பம் கத்தினாள்.

வடிவு கணினித் திரையிலிருந்து முகத்தைத் திருப்பினாள். "யார் டீச்சர் சொன்னது?"

"ஊரே சொல்லுது."

"ஊருக்கு யார் சொன்னது?"

தங்கபுஷ்பம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"நான் போட்ட பக்கம்."

தங்கபுஷ்பம் பனையடிவிளை பெண்கள் கபடி அணியின் பயிற்சியாளர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் விசில் ஊதினால் தெருநாய்கூட வரிசையில் வந்து நிற்கும் என்று ஊரில் கேலி செய்வார்கள்.

வடிவு திசையன்விளைக் கடைத்தெருவில், ஒரு டயர்க் கடைக்கு மேலே, இணையப் பக்கம் கட்டிக் கொடுப்பவள். தங்கபுஷ்பத்திடம் படித்தவள்தான். ஆனால் விளையாட்டுப் பீரியட் வந்தால் மட்டும் அவளுக்குத் தவறாமல் வயிற்றுவலி வந்துவிடும்.

இப்போது வடிவு குரு, தங்கபுஷ்பம் சிஷ்யை. ஆனாலும் குருதான் சிஷ்யையை டீச்சர் என்று கூப்பிட்டாள். சிஷ்யை குருவை ஏட்டி என்றாள். இரண்டு பேருக்குமே அதில் ஒரு சங்கடமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லில் மாநில இறுதிப் போட்டி.

போன வருடமும் இறுதிவரை போனார்கள். எதிர் அணிக்காக அவர்கள் ஊரே திரண்டு வந்து கத்தியது. இவர்களுக்காகக் கத்தியது தங்கபுஷ்பம் ஒருத்திதான். பாதி ஆட்டத்திலேயே அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கபடி கபடி என்று பாடிக்கொண்டு போன கேப்டன் மாரீஸ்வரி, அந்த இரைச்சலில் தன் குரல் தனக்கே கேட்காமல், நடுக்களத்தில் பாட்டை நிறுத்தி மூச்சு விட்டுவிட்டாள்.

அந்தத் தோல்வி தங்கபுஷ்பத்துக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த வருடம் ஒரு பஸ் நிறைய ஆள் கூட்டிக்கொண்டு போவது என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். பஸ்காரரோ இன்று விளக்கு வைக்கிற நேரம்வரைதான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டார். அதற்குள் ஆள் சேராவிட்டால் பஸ் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விடும்.

ஆள் சேர்க்கத்தான் இந்த இணையப் பக்கம்.

"நீயே கட்டிக் கொடுத்துரேன்ட்டி" என்று அவள் கேட்டபோது, வடிவு எழுந்து தன் நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காருங்க டீச்சர்."

முதல் பாடம் அவ்வளவுதான். இரண்டாவது பாடம் இன்னும் நடக்கவில்லை.

பக்கம் கட்டுவது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. திரையில் பகுதி பகுதியாக அடுக்கிக்கொண்டே போகலாம். நிறம் வேண்டுமா, ஓரக்கோடு வேண்டுமா, இடைவெளி வேண்டுமா, எல்லாம் ஒரு சொடுக்கில் வரும். நாலைந்து பகுதிகளைச் சேர்த்து ஒரே குழுவாகக் கட்டிப் போடவும் வசதி உண்டு. அந்த நிறங்களைப் பார்த்ததுமே தங்கபுஷ்பத்துக்குத் தலைகால் புரியவில்லை. மற்றதை அவள் கவனிக்கவே இல்லை.

"காட்டுங்க பாப்போம்" என்றாள் வடிவு.

தங்கபுஷ்பம் கைப்பேசியை நீட்டினாள்.

கன்னங்கரேலென்ற பின்னணி. நடுவில் மாரீஸ்வரி. போட்டி அடையாள அட்டைக்காக எடுத்த படம் என்பதால் முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. படத்தைச் சுற்றி முட்டை வடிவத்தில் வெள்ளைப் பூ வேலைப்பாடு. கீழே பெயர். பெயருக்குக் கீழே ஞாயிற்றுக்கிழமைத் தேதி.

விரலால் தள்ளினால் அதேபோல் அடுத்த பெண். அப்புறம் அடுத்தவள். ஆளுக்கொரு கறுப்புப் பகுதி, ஆளுக்கொரு பூச்சட்டம், ஆளுக்கொரு தேதி.

பஸ் விவரம் எல்லாருக்கும் கீழே எங்கேயோ கிடந்தது. அதுவரை யாரும் போகவில்லை.

"கறுப்பு நல்லா எடுப்பா இருந்துச்சுட்டி" என்றாள் தங்கபுஷ்பம், பரிதாபமாக.

"யாராவது வந்து கேட்டாங்களா?"

"கேக்கவா? காலையில வாட்ஸ்அப்புல அனுப்புனேன். வரிசையா ஆழ்ந்த இரங்கல்னு வந்து விழுது. மாரீஸ்வரி வீட்டுக்கு அவ பெரியப்பா மாலையோட போயிட்டாவ. கதவைத் திறந்தது யாருன்னு நெனைக்க? மாரீஸ்வரி!"

"அப்புறம்?"

"யாருக்கு மாலைன்னு இவ கேட்டிருக்கா. அவரால பதில் சொல்ல முடியுமா? ஞாயித்துக்கிழமை செயிச்சா போடலாம்னு வாங்கினேன்னு சொல்லிச் சமாளிச்சிட்டாரு."

வடிவு உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது.

"சிரிக்காதட்டி! பஸ் போயிரும். அந்தப் பிள்ளைக மறுபடியும் அநாதை மாதிரிப் போய் நிக்கும். ஒத்தையில என்னால கத்த முடியாது."

அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் வடிவின் சிரிப்பு நின்றது.

"இப்ப என்ன செய்யப் போறீங்க டீச்சர்?"

"கறுப்பை எடுத்துட்டு மஞ்சளாக்கப் போறேன்."

"ஆக்குங்க."

தங்கபுஷ்பம் ஆக்கினாள். ஒரே சொடுக்கு. ஏழு பகுதியும் மங்களகரமாக மாறியது.

வடிவு படிக்கட்டுப் பக்கம் தலையை நீட்டி, கீழே டயர்க் கடை உச்சிமாகாளியைக் கூப்பிட்டாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து திரையைப் பார்த்தார்.

முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு.

"ஏழு பிள்ளைகளுக்கும் ஒரே நாள்லயா சடங்கு? எந்த மண்டபம்?"

தங்கபுஷ்பம் அவரை முறைத்தாள். அவர் இறங்கிப் போனதும் மஞ்சளை அழித்தாள். சிவப்பு போட்டாள். சும்மா இருக்கக் கூடாதென்று பொன்னிறத்தில் ஓரக்கோடும் போட்டாள்.

உச்சிமாகாளி மறுபடியும் ஏறி வந்தார்.

"எந்தக் கட்சி? எலெக்சன் அறிவிச்சிட்டாங்களா என்ன?"

"வேண்டாம். ஒரு நிறமும் வேண்டாம். வெள்ளையா விட்டுருதேன்" என்றாள் தங்கபுஷ்பம். ஓரத்தில் மட்டும் மெல்லிசாக ஒரு கோடு வைத்தாள். அது கூட இல்லாவிட்டால் படம் அம்மணமாக இருப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது.

இந்த முறை உச்சிமாகாளி பார்த்த மாத்திரத்தில் பதறிப்போனார்.

"ஏழு பேருமா காணோம்? போலீஸ்ல சொல்லியாச்சா?"

தங்கபுஷ்பம் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"எந்த நிறம் போட்டாலும் தப்பா வருதேட்டி. அப்ப எதுலதான் தப்பு? வாயைத் திறந்து சொல்லேன்!"

வடிவு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இன்னைக்குப் பிராக்டிஸ் கிடையாதா டீச்சர்?"

"இருக்கு. பிள்ளைக வந்திருக்கும். அதுக்கென்ன இப்ப?"

"நானும் வாரேன்."

பத்து வருடப் பள்ளிக்கூட வாழ்க்கையில் மைதானத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள், தானாகச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

இரண்டு பேரும் ஸ்கூட்டரில் பனையடிவிளைக்குப் பறந்தார்கள்.

மைதானத்தில் ஏழு பேரும் தயாராக இருந்தார்கள். காலையில் செத்துப் பிழைத்த சந்தோஷத்தில் வழக்கத்தைவிடச் சத்தம் அதிகமாக இருந்தது. எல்லைக்கோட்டுக்குப் பின்னால் வேடிக்கை பார்க்கிற கூட்டத்தைத் தடுக்க ஒரு கயிறு கட்டியிருந்தது. அது தங்கபுஷ்பத்தின் ஏற்பாடு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் காலை வைத்தால் அவள் விசிலாலேயே விரட்டுவாள். கயிற்றுக்குப் பின்னால் பெண்களின் அம்மாக்கள், பால்காரர், சைக்கிளைப் பிடித்தபடி நாலைந்து பேர், கூடையை இறக்கி வைத்த மீன்காரி.

வடிவு நேராகப் போய், கோடு போடுகிற சுண்ணாம்புப் பொடி டப்பாவை எடுத்தாள்.

மாரீஸ்வரி பாடி வருவாள். மற்ற ஆறு பேரும் பிடிக்க வேண்டும். பிடிக்க நின்ற ஆறு பேரையும் தள்ளித் தள்ளி நிற்கவைத்து, ஒவ்வொருத்தியைச் சுற்றியும் வடிவு ஒரு கட்டம் போட்டாள். அழகான கட்டங்கள். கோணலே இல்லை.

"யாரும் கட்டத்தை விட்டு வெளிய வரக் கூடாது. ஆடுங்க" என்றாள்.

பெண்கள் தங்கபுஷ்பத்தைப் பார்த்தார்கள்.

"என்ன கூத்துட்டி இது?" என்றாள் அவள்.

"ஒரு ஆட்டம் மட்டும் டீச்சர்."

சரி, ஒரு ஆட்டம் போகட்டும் என்று தங்கபுஷ்பம் விசில் ஊதினாள்.

மாரீஸ்வரி பாடிக்கொண்டு வந்தாள். எஸ்தரைத் தொட்டாள். பேச்சியைத் தொட்டாள். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குக் கடைவீதியில் காய்கறி பொறுக்குகிறவள்போல் நடந்து, ஆறு பேரையும் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். மூச்சுகூட வாங்கவில்லை. அவளே வெட்கப்பட்டுப் போனாள்.

கயிற்றுக்குப் பின்னால் கொல்லென்று சிரித்தார்கள்.

"இன்னொரு தடவை" என்றாள் வடிவு.

மாரீஸ்வரி மறுபடியும் வந்தாள். எஸ்தர் கட்டத்துக்குள் நின்றபடி கையைக் கையை நீட்டினாள். பக்கத்துக் கட்டத்துப் பேச்சியின் கை அவளுக்கு எட்டவில்லை.

தங்கபுஷ்பத்தால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. விசிலைத் துப்பிவிட்டுக் களத்துக்குள்ளே பாய்ந்தாள்.

"கோடு என்னட்டி கோடு! மிதிங்கட்டி அதை! ஒட்டி நில்லுங்க! தோளோட தோள் ஒட்டணும்! கையைக் கோருங்கட்டி, கையை!"

அவளே காலால் கட்டங்களைத் தேய்த்தாள். சுண்ணாம்பு புழுதியாகப் பறந்தது.

ஆறு பேரும் சங்கிலியாகக் கைகோர்த்து வளைந்தார்கள். மாரீஸ்வரி உள்ளே மாட்டினாள்.

பிறகு நடந்ததுதான் ஆட்டம்.

எஸ்தர் காலைப் பிடித்தாள். பேச்சி இடுப்பை வளைத்தாள். மாரீஸ்வரி விழுந்தாள், ஆனால் பாட்டை விடவில்லை. நடுக்கோடு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. ஊர்ந்தாள். முகம் சிவந்து, குரல் தேய்ந்து, கபடி என்பது வெறும் காற்றாக வந்தது.

"விடாதட்டி மாரி!" என்று யாரோ கத்தினார்கள்.

அது மீன்காரி. அடுத்து பால்காரர் கத்தினார். அப்புறம் எல்லாருமே கத்தினார்கள். கயிறு அறுந்ததா, அவிழ்ந்ததா, யாருக்கும் தெரியாது. அத்தனை பேரும் நடுக்கோட்டுக்கு வந்து குனிந்து நின்று, "வா வா வா" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டார்கள்.

தேய்ந்துபோன குரல் மறுபடி எழும்பியது. மாரீஸ்வரி கையை நீட்டினாள். நடுவிரல் நுனி கோட்டைத் தொட்டது.

மைதானமே எழும்பிக் குதித்தது. தங்கபுஷ்பமும் குதித்தாள். வயது மறந்துவிட்டது.

குதித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றாள்.

தன் பாதங்களைப் பார்த்தாள். இரண்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

வடிவைப் பார்த்தாள். வடிவு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கைப்பேசியைக் குடுட்டி! சீக்கிரம்!"

அங்கேயே மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மூக்குக் கண்ணாடியைக்கூடச் சரியாக மாட்டவில்லை. ஏழு பகுதிகளின் ஓரக்கோட்டையும் எடுத்தாள். பூச்சட்டத்தை எடுத்தாள். ஏழு தேதிகளையும் எடுத்தாள். ஏழு பேரையும் ஒரே குழுவுக்குள் இழுத்துப் போட்டு, நடுவில் இருந்த இடைவெளியைக் குறைத்துக் குறைத்து, தோளோடு தோள் ஒட்டும்வரை நகர்த்தினாள். பின்னால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே நிறம். மைதானத்து மண்ணின் செம்மை.

அதே படங்கள்தான். அதே முறைப்புதான். ஆனால் இப்போது ஏழு பேரும் சேர்ந்து எதிரே நிற்கிற யாரையோ முறைத்தார்கள்.

"எம்மா!" என்றாள் எட்டிப் பார்த்த எஸ்தர். "எங்களைப் பார்த்தா எங்களுக்கே பயமா இருக்கு டீச்சர்!"

தங்கபுஷ்பத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இப்ப அனுப்பவா?" என்று குருவிடம் நீட்டினாள்.

வடிவு படத்தைப் பார்த்தாள். விரலால் கீழே தள்ளினாள். கொஞ்ச தூரம் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை. அதற்கும் கீழே பஸ் விவரம். பஸ்ஸுக்குப் பெயர் கொடுப்பவர்களின் பெயர் தானாக வந்து விழுகிற பகுதியும் அங்கேதான் இருந்தது, பொடி எழுத்தில்.

"நடுவுல இந்த எடம் என்ன டீச்சர்?"

"அது இருக்கணும்லாட்டி? மேல ஆடுறவுக. கீழ பாக்க வாரவுக."

"ஓ" என்றாள் வடிவு.

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். நடந்துபோய், மண்ணோடு மண்ணாக மிதிபட்டுக் கிடந்த கயிற்றை எடுத்தாள். உதறினாள். நிதானமாகச் சுருட்ட ஆரம்பித்தாள்.

தங்கபுஷ்பம் அவள் சுருட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கயிறு இருந்த இடத்துக்குப் பின்னால் இப்போது ஒருவரும் இல்லை. மீன்காரி மாரீஸ்வரியின் முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். பால்காரர் பேச்சியிடம், பிடியை எப்போது இறுக்கியிருக்க வேண்டும் என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அடச்சீ!" என்று தங்கபுஷ்பம் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள்.

வெள்ளை இடத்தை ஒரே இழுப்பில் மூடினாள். பெயர் விழுகிற பகுதியைத் தூக்கி, ஏழு பேர் இருந்த அதே குழுவுக்குள் வைத்தாள். அதே மண் நிறம். அதே எழுத்து, அதே அளவு. ஏழு பெயர் முடிகிற இடத்தில் அடுத்த பெயர் தொடங்கும்படி ஒட்டி வைத்தாள்.

முதலில் தன் பெயரைக் கொடுத்துப் பார்த்தாள். பேச்சிக்குப் பக்கத்தில் தங்கபுஷ்பம் என்று வந்து நின்றது. வெட்கமாக இருந்தது.

அனுப்பினாள்.

ஒன்றும் வரவில்லை.

சூரியன் பனைகளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. ஊருக்குள் எந்த வீட்டில் முதல் விளக்கு எரியுமோ என்று அவள் எட்டி எட்டிப் பார்த்தாள்.

கைப்பேசி டிங் என்றது.

எஸ்தரின் அம்மா. மைதானத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அங்கிருந்தே பெயரைப் போட்டுவிட்டாள். "ஏய், என் பேரு பிள்ளைக பேரோட வருதுடீ!" என்று அவள் கூவியதில் எல்லாரும் மடியிலிருந்தும் பையிலிருந்தும் கைப்பேசியை எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு சத்தம் நிற்கவே இல்லை.

பால்காரர் வந்து விழுந்தார். மீன்காரியிடம் கைப்பேசி இல்லை, மாரீஸ்வரி அவளுக்காகப் போட்டுக் கொடுத்தாள். மாலை வாங்கிய பெரியப்பா, பெயரை இரண்டு தடவை கொடுத்துவிட்டார். திசையன்விளையிலிருந்து உச்சிமாகாளி. தெருத்தெருவாக அம்மாக்கள், சித்திகள், முன்னால் ஆடியவர்கள், ஆடவே ஆடாதவர்கள். "என் பேரு கேப்டன் பேருக்குப் பக்கத்துல வரணும்" என்று ஒருவர் போன் போட்டுச் சண்டை பிடித்தார். திண்டுக்கல்லில் கட்டிக்கொடுத்திருந்த ஒருத்தி, "நான் இங்கேயே வந்து நிக்கேன், பஸ்ஸு வேண்டாம், பேரை மட்டும் போட்டுக்கிடுங்க" என்று எழுதியிருந்தாள்.

நடுவில் ஒரு பெயர். சண்முகவடிவு.

தங்கபுஷ்பம் நிமிர்ந்தாள். வடிவின் ஒரு கையில் சுருட்டிய கயிறு, மறு கையில் கைப்பேசி.

"வயித்துவலி வந்துராதாட்டி?"

"வந்தா வரட்டும் டீச்சர்."

பஸ்காரர் கூப்பிட்டார். "என்னம்மா, கல்யாண வீட்டுக்குச் சரின்னு சொல்லிரவா?"

"சொல்லிப் பாரும்! கூட இன்னொரு வண்டி கிடைக்குமான்னு விசாரிச்சு வையும்!"

வைத்த கையோடு இன்னொரு அழைப்பு. புது எண். திண்டுக்கல்லில் போட்டி நடத்துகிறவர்கள்.

"வணக்கங்க மேடம். ஞாயித்துக்கிழமை ஆட்டக்காரங்களுக்கு மட்டும் மதியச் சாப்பாடு போடுறோங்க. உங்க டீம்ல மொத்தம் எத்தனை பேருன்னு சொன்னீங்கன்னா..."

தங்கபுஷ்பம் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தாள். ஒரு பெயர் வந்து விழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று.

"மேடம்? எத்தனை பேருங்க?"

"பொறுங்க தம்பி" என்றாள். "இன்னும் வந்துக்கிட்டே இருக்காவ."